கண்ணை மூடிக் கொடுத்த அரிசி

பிடியரிசிப் பானை காலியாக இருந்தது.

புஷ்பபாய் முதலில் தன் கையைத்தான் நம்பவில்லை. அடுக்களையின் அந்த மூலைக்கு வெளிச்சம் வராது. பங்குனி வெயில் கூரை ஓலையின் பொத்தல்கள் வழியாகத் தரையில் வட்டம் வட்டமாக விழுந்து கிடந்ததே தவிர, பானையின் வாய்வரை எட்டவில்லை. முழங்கைவரை விட்டுத் துழாவினாள். அடி குளிர்ந்திருந்தது. நேற்று மாலை விளிம்பைத் தொட்டு நின்ற அரிசி, ஒரு மணி மிச்சமில்லாமல், கழுவிக் கவிழ்த்தது போல் போயிருந்தது. எலி என்றால் புழுக்கை கிடக்கும். கள்ளன் என்றால் பக்கத்துச் சாக்கில் இருந்த மரச்சீனிக் கிழங்கைத் தொடாமல் போவானா? பின்வாசல் உள்ளே தாழ் போட்டபடியே இருந்தது. கையை வெளியே எடுத்து முகர்ந்தாள். தவிட்டு வாசனை இல்லை. புதிதாக வெட்டிய மண்ணின் வாசனை, ஈர மண்ணின் வாசனை. மழை பெய்து வெகு நாளாகியிருந்தது.

பாறசாலைச் சந்திப்பிலிருந்து காரோட்டுக்குப் போகும் வழியில் பிரிகிற அந்தச் சந்தில், சபைக் குடும்பங்களுக்கு அந்தப் பானை வீட்டில் ஓர் ஆள் மாதிரி. உலைக்கு அரிசி அளந்ததும், கழுவுவதற்கு முன், வீட்டில் எத்தனை தலையோ அத்தனை பிடி ஆலயத்துக்கென்று அதில் போடவேண்டும். அரைவயிற்று நாளானாலும் போடவேண்டும். சனிக்கிழமை மத்தியானம் சாக்கோடு ஒரு பெண் பின்வாசலுக்கு வருவாள். வீட்டுக்காரி பானையைச் சாக்கில் கவிழ்ப்பாள். ஜெபத்தோடு கொடுக்கிற காணிக்கை என்பதால் கண்ணை மூடிக்கொண்டுதான் கவிழ்ப்பாள். மூடிய கண்ணோடே வீட்டிலுள்ளவர்களின் பேரை ஒவ்வொன்றாகச் சொல்வாள். வாங்குகிறவள் அதைத் திருப்பிச் சொல்வாள். ஈஸ்டருக்கு மறுநாள் அசனம். சபை முழுவதும் ஆலய முற்றத்தில் ஒரே பந்தியாக உட்கார்ந்து, அந்த அரிசியில் பொங்கிய ஒரே உலைச் சோற்றை உண்ணும் நாள். பேர் சொல்லப்பட்ட ஒவ்வொருவருக்கும் அன்றைக்கு ஓர் இலை விழும். பேர் சொல்லப்படாதவர்களுக்கு இலை இல்லை.

சாக்கோடு வருகிறவள் ரெத்தினபாய். சந்தின் மேற்குக் கடைசி வீடு. போன ஆடிக்குப் பிறகு அவள் புஷ்பபாயின் பின்வாசலுக்கு வந்ததில்லை.

தமிழ்த் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கவேண்டும் என்று ஊர்வலங்கள் கிளம்பிய ஆடி அது. புஷ்பபாயின் கணவன் பொன்னுதாஸ் தையல்காரன். மெஷினை மிதித்தபடி சந்துக்கே பத்திரிகை வாசித்துச் சொல்கிறவன். ஒரு ஊர்வலத்தன்று விடியுமுன் சந்துப் பையன்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போனான். ஒருவன் ரெத்தினபாயின் ஒரே மகன் யோசுவா. மற்றவன் செல்லசாமி. போலீஸ் சுட்டது. பையன்கள் மாட்டுவண்டியில் பாயில் சுருட்டியபடி திரும்பி வந்தார்கள். பொன்னுதாஸ் வரவில்லை. அவன் உடலும் வரவில்லை. பிள்ளைகளை முன்னால் தள்ளிவிட்டு ஓடிவிட்டான், பனச்சமூடு தாண்டி எங்கேயோ ஒளிந்திருக்கிறான் என்று சந்து தீர்மானித்தது. வேலிக்கு அப்புறத்து ஷியாமளா மலையாளம் பேசும் வீட்டுக்காரி. எல்லையைப் பிடுங்கி நடப் பார்த்தவன் வீடு என்று பேச்சை நிறுத்தினாள். தமிழ் பேசும் வீடுகள் பையன்களைக் காவு கொடுத்தவன் வீடு என்று நிறுத்தின. நெய்யாற்றின்கரைத் தாலுகா இங்கேயா அங்கேயா என்று கிணற்றடியில்கூட அடித்துக்கொண்ட இரண்டு பக்கமும் ஒத்துப்போன ஒரே காரியம் அது.

அவள் ரேந்தை பின்னிப் பிழைத்தாள். மிஷன் பங்களாவுக்குப் போகிற வெள்ளை நூல் லேஸ்கள். தலையணையில் ஊசிகளைக் குத்தி, நூல் சுற்றிய மரக்குச்சிகளை மாற்றி மாற்றிப் போடும்போது எழுகிற டிக் டிக் சத்தம்தான் அந்த வீட்டில் பகல் முழுவதும் பேசுகிற குரல். கிடைக்கிற அரிசியில் அளந்தவுடன் மூன்று பிடி பானைக்குப் போகும். பொன்னுதாஸின் பிடியை அவள் நிறுத்தவில்லை. நிறுத்தினால் அவனைத் தன் கையாலேயே புதைத்தது போலாகும் என்று நினைத்தாள்.

யாரும் வாங்க வராத அரிசியை ஒரு தடவை அவளே சுமந்துபோய் ஆலயத் தாழ்வாரத்தில் வைத்தாள். அடுத்த ஞாயிறும் அது அங்கேயே இருந்தது. காக்கை கிளறிய மிச்சம். அதன் பிறகு வீட்டிலேயே நிறைந்துகொண்டிருந்தது.

இப்போது இல்லை.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல ஆளும் இல்லை. மகள் ஜெஸி வெளியே கொல்லாமரத்தடியில் முந்திரிப்பழம் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஏழு வயசு. பங்குனி பிறந்ததிலிருந்து அவளுக்கு ஒரே பேச்சு. ஆலயத்துக்கு வெள்ளையடிக்கிறார்கள். உருளி கழுவுகிறார்கள். பந்தல்கால் நட்டாயிற்று. போன வருஷ அசனத்தில் அப்பாவின் தொடையை ஒட்டி உட்கார்ந்து தின்றதைப் பத்துத் தடவை சொல்லிவிட்டாள். பீச்சாங்கைக்காரனான யோசுவா அன்றைக்கும் இடது கையால் சோற்றைப் பிசைய, ரெத்தினபாய் பந்திக்கு நடுவிலேயே அவன் மண்டையில் குட்டி, எலே மானத்தை வாங்காதே என்று பந்தியின் கடைசிக்கு நகர்த்தி உட்காரவைத்ததையும், அவன் அங்கே போயும் இலையின் இடப்பக்கமாகவே குழி பறித்துத் தின்றதையும் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்று அதே கேள்வி.

"இந்த வருசம் நமக்கு எலை உண்டா அம்மை?"

எலியா உபதேசியார் ஏற்கெனவே படிக்கட்டில் நின்று, உட்காராமல், தரையைப் பார்த்துக்கொண்டு சொல்லிவிட்டுப் போயிருந்தார். மனசுகள் ஆறவில்லை, இந்த வருஷம் நீங்கள் வராமலிருப்பது சமாதானத்துக்கு நல்லது என்று. புஷ்பபாய்க்குத் தனக்காக ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. பிள்ளைக்கு ஓர் இலை. பந்தியின் கடைசியிலானாலும் சரி, ஓர் இலை விழுந்துவிட்டால் அவள் இந்தச் சந்தில் வளர்ந்துவிடுவாள். விழாவிட்டால் இனி எப்போதும் விழாது.

"உண்டு மக்கா," என்றாள்.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம். பத்ரகாளி கோவில் பரணிக்குக் கொட்டுகிற செண்டை தெற்கேயிருந்து அலையலையாக வந்துகொண்டிருந்தது. வெயிலில் கொல்லாம்பழம் புளித்து நாறியது. சந்தில் நாய்கூட நடக்கவில்லை. அவள் குச்சிகளை மாற்றிக்கொண்டிருந்தபோது பின்வாசலில் குரல் கேட்டது.

"பிடியரிசி."

சளி கட்டியது போன்ற, பெண் குரல்.  மனசு இளகிவிட்டது, ரெத்தினம் மைனி வந்துவிட்டாள் என்றுதான் புஷ்பபாய் நினைத்தாள். ஒரு வாரத்து அரிசி சேர்ந்திருந்த பானையைத் தூக்கிக்கொண்டு ஓடித் தாழை நீக்கினாள். வெளி வெயில் முகத்தில் அறைந்தது. தலையை மூடிய வெள்ளைத் துணி ஒன்றும், விரித்துப் பிடித்த சாக்கின் வாயும் மட்டும்தான் தெரிந்தன. பழக்கப்படி கண்ணை மூடிக் குனிந்தாள். கவிழ்த்தாள்.

அரிசி சாக்கில் விழுகிற சத்தம் அவளுக்குத் தெரியும். சளசளவென்று, உடனே கேட்கும். இது கொஞ்சம் தாமதித்துக் கேட்டது. ஆழத்தில் எங்கேயோ, ஈரத்தில்.

"பேரு சொல்லு பிள்ளே."

"பொன்னுதாஸ்."

"பொன்னுதாஸ் இங்க உண்டு," என்றது குரல். "மத்தவிய?"

 சபையில் அவன் பேரை இன்னும் வைத்திருக்கிறார்கள் என்று புஷ்பபாய் எடுத்துக்கொண்டாள். கண்ணுக்குள் நீர் முட்டியது.

"புஷ்பபாய். ஜெஸி."

"புஷ்பபாய். ஜெஸி." கொஞ்சம் நிறுத்தி, "ரெண்டு எலை. அவனுக்கப் பக்கத்துலயே போடுதேன்," என்றது.

கண்ணைத் திறந்தபோது யாரும் இல்லை. முற்றத்துப் புழுதியில் கால்தடம் இல்லை. சாக்கு நின்ற இடத்தில் மட்டும் ஒரு ஈர வட்டம். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரத்திலிருந்து காய்ந்து, சுருங்கி, போயிற்று.

சந்தோஷம் பயத்தை இரண்டு நாள் மூடி வைத்தது. ஜெஸியின் ஈஸ்டர் கவுனுக்கு மிஞ்சிய ரேந்தையை வைத்துத் தைத்தாள். செவ்வாய்க்கிழமை கிணற்றடியில் ரெத்தினபாயைப் பார்த்ததும், மற்றப் பெண்கள் குடத்தை நகர்த்தி விலகியதையும் பொருட்படுத்தாமல் கிட்டே போய், பெரிய உபகாரம் மைனி என்றாள்.

ரெத்தினபாய் கயிற்றை விட்டாள். வாளி நெடுநேரம் கழித்துத் தண்ணீரைத் தொட்டது.

"என்ன உபகாரம்?"

புஷ்பபாய் சொன்னாள். சொல்லச் சொல்ல அந்த முகம் கறுத்துக்கொண்டே போனது.

"எனக்க சாக்கு ஒனக்க நடைக்கு வராதுண்ணு அண்ணைக்கே சொன்னேன். இண்ணும் வரல்ல. எனக்க மகனுக்கு எலை இல்லாத பந்தியில ஒனக்க மகளுக்கு எலையா?" மற்றவர்கள் பக்கம் திரும்பி, "கேட்டியளா, நான் இவளுக்க வீட்டுல அரிசி வாங்கினனாம்," என்றாள். யாரோ மூக்கால் சிரித்தார்கள். வாளியை இழுத்துக் குடத்தில் ஊற்றி, குடத்தை இடுப்பில் வைத்தபின், போகிற போக்கில், குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "கண்ணை மூடிட்டு யாருக்க சாக்கில போட்டியோ. அவகிட்ட போயிக் கேளு."

அன்று முதல் புஷ்பபாய் பானையில் அரிசி போடவில்லை. கவிழ்த்து வைத்தாள். மறுநாள் காலை அது நிமிர்ந்திருந்தது. உள்ளே மூன்று பிடி. அவள் வாங்குகிற அதே சிவப்பரிசி. அள்ளித் தெருவில் கொட்டினாள். மாலையில் மறுபடி மூன்று பிடி. அரிசி ஈரமாக இருந்தது. மண் வாசனை இப்போது அடுக்களையைத் தாண்டி, தலையணைவரை வந்துவிட்டது. பானையைக் கல்லில் போட்டு உடைத்தாள். சத்தம் கேட்டு வேலிக்கு மேல் ஷியாமளாவின் தலை எழும்பி, "பிராந்தாயோ?" என்று, பைத்தியம் பிடித்துவிட்டதா என்கிற மாதிரி, கேட்டுவிட்டு இறங்கியது.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் அவள் ஜெஸியை மடியில் அழுத்திக்கொண்டு, முன்வாசலும் பின்வாசலும் தாழிட்டு உட்கார்ந்திருந்தாள். பின்வாசலில் யாரோ நிற்கிற இருட்டு கதவின் அடி இடுக்கில் தெரிந்தது. கூப்பிடவில்லை. கேட்கவில்லை. பேர்களை மட்டும் சொன்னது. மெதுவாக, வாங்கிக்கொண்டவள் சரிபார்க்கிற தொனியில். புஷ்பபாய். ஜெஸி. புஷ்பபாய். ஜெஸி.

"எடுத்துப்போடு," என்று அவள் உள்ளேயிருந்து சொன்னாள். "எனக்க மகளுக்க பேரை எடுத்துப்போடு. என்னைய வேணும்னா வச்சுக்க."

 இருட்டு இடுக்கிலிருந்து நகர்ந்தது.

மடியில் கிடந்த ஜெஸி, பயமில்லாமல், "யாரு அம்மை? நம்ம எலைக்காரியா?" என்றாள்.

ஈஸ்டர் ஞாயிறு விடியலில் சபை பாடிக்கொண்டு சந்தைச் சுற்றி வந்தது. இந்த வீட்டின் முன்னால் பாட்டு நிற்கவில்லை. ஒரு குரல்கூடத் தயங்கவில்லை. புஷ்பபாய் பின்பக்கம் போய் முகம் கழுவக் குனிந்தபோது வாழையைப் பார்த்தாள். இரண்டு இலை வெட்டப்பட்டிருந்தது. வெட்டுவாயிலிருந்து பால் இன்னும் சொட்டியது. ஒன்று பெரிய இலை. ஒன்று சின்னது, குருத்தை ஒட்டியது.

மறுநாள் அவள் அடுப்பு மூட்டவில்லை. பொழுது ஏற ஏற ஆலயப் பக்கமிருந்து புகை வந்தது, பிறகு சோறு வேகிற வாசனை, பருப்பு தாளிக்கிற வாசனை, பெஞ்சுகள் இழுபடும் சத்தம், பிள்ளைகளின் கூச்சல். சந்து மொத்தமும் காலியாகி அங்கே போய்விட்டது. செண்டை மட்டும் தெற்கே. ஜெஸி கவுனைப் போட்டுக்கொள்ள அழுது, போட்டுக்கொண்டாள். இரண்டு வாசலும் தாழ். தாழுக்குக் குறுக்கே உலக்கை. அப்படியும் போதாமல், தன் முந்தானை நுனியைப் பிள்ளையின் கவுன் நாடாவோடு சேர்த்து முடிந்தாள். இரட்டை முடிச்சு.

அவித்த மரச்சீனியை ஊட்டப்போனாள். ஜெஸி வாயைத் திருப்பிக்கொண்டாள்.

"வேண்டாம். பந்தியில சோறு உண்டு."

"நாம போவல்ல மக்கா."

"அப்பா வருவாவ," என்றாள் பிள்ளை. "பக்கத்துல எடம் போட்டிருக்குண்ணு சொன்னாவ."

புஷ்பபாய் முடிச்சை இன்னும் இறுக்கினாள். ரேந்தைத் தலையணையை இழுத்து வைத்துக்கொண்டாள்.  டிக் டிக். பிள்ளை தோளில் சாய்ந்திருந்தாள். சூடான தலை. டிக் டிக். ஆலய மணி அடித்தது, பந்தி உட்காருகிறது. டிக் டிக். வெயில் வட்டங்கள் தரையில் ஊர்ந்தன. பல ராத்திரி தூங்காத கண்.

செண்டை நின்றது.

அந்த நிசப்தத்தில்தான் விழித்தாள். குச்சிகள் கையில் அசையாமல் இருந்தன. தாழ் இருந்தது. உலக்கை இருந்தது. முந்தானையில் முடிச்சு இருந்தது. முடிச்சுக்கு மறுபக்கம் நாடா மட்டும் இருந்தது.

உலக்கையைத் தள்ளினாள். ஓடினாள்.

சந்து வெறுமை. வெயில். திறந்து கிடந்த வீடுகள். ஷியாமளாவின் முற்றத்தில் கோழிகள்கூட ஓர் ஓரமாக ஒடுங்கி நின்றன. ஆலய வாசலுக்குள் அவள் நுழைந்தபோது பந்தி முழுவதும் தலை தூக்கிப் பார்த்தது. வாயில் சோற்றோடு. யாரும் மெல்லவில்லை.

"எனக்க பிள்ளை வந்தாளா?"

 வரிசை வரிசையாகப் பார்த்தாள். இந்த முகம் இல்லை. இந்த முகமும் இல்லை. பந்தியின் நடுவில் சோற்று அகப்பையோடு நின்ற ரெத்தினபாய், "இஞ்ச ஒனக்கு எலை இல்ல, போ," என்றாள். எலியா உபதேசியார் எழுந்தார். எழுந்தவர் அவளைப் பார்க்கவில்லை. அவளுக்கு அப்புறம், ஆலயத்தின் பின்சுவர்ப் பக்கம், கல்லறைத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மண் வாசனை.

அவள் திரும்பி, பின்சுவரின் திறப்பு வழியாகத் தோட்டத்துக்குள் போனாள். கல்லறைகளுக்கு நடுவே, கொல்லாமரத்து நிழலில், வெறுந்தரையில் இன்னொரு பந்தி. வாழையிலைகள். நீண்ட வரிசை. ஒவ்வொன்றிலும் சிவப்புச் சோறு குவித்து, ஆவி பறந்தது. உட்கார்ந்திருக்க ஆள் இல்லை. ஆனால் சோறு குறைந்துகொண்டிருந்தது. ஒரு குழி. இன்னொரு குழி. விரல்கள் வழித்த தடம்.

வரிசையில் ஜெஸி இருந்தாள். சம்மணமிட்டு. வெள்ளைக் கவுன். தலை நிமிராமல் தின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு இடப்பக்கம் பெரிய குவியல், பாதி தீர்ந்தது. அதன் மேல் சாய்வதுபோல் அவள் தோள் ஒட்டியிருந்தது. அவளுக்கு வலப்பக்கம் ஓர் இலை. தண்ணீர் தெளித்தது. சோறு வைத்தது. யாரும் தொடாதது.

தன் இலை என்று புஷ்பபாய்க்குத் தெரிந்தது. கால் தானாக நகர்ந்தது.

அப்போது பின்னால் அகப்பை கல்லில் விழுந்தது. ரெத்தினபாய் சுவருக்கு இந்தப் பக்கம் வந்திருந்தாள். அவள் பார்த்தது ஜெஸியை அல்ல. தொடாத இலைக்கு அடுத்ததை. வரிசையின் கடைசி இலை. அதில் சோறு இடப்பக்கமாகக் குழிந்துகொண்டிருந்தது. இடப்பக்கமாகவே.

"எலே," என்றாள். அந்தக் குரலில் குட்டும் இருந்தது, அழுகையும் இருந்தது. "எனக்க மக்கா."

புஷ்பபாய் ஓடினாள். ரெத்தினபாய் முழங்கையால் அவளை மார்பில் இடித்துத் தள்ளினாள். கல்லறைக் கல்லில் விழுந்து எழுவதற்குள், அவள் உட்கார்ந்துவிட்டாள். புஷ்பபாயின் இலையில். மகனுக்குப் பக்கத்தில். முதல் கவளத்தை இரண்டு கையாலும் அள்ளினாள்.

"அது எனக்கு வச்சது. மைனி. அது எனக்கு வச்சது."

ரெத்தினபாய் மென்றாள். விழுங்கினாள். சபை சுவரோரம் நின்று பார்த்தது. ஒருவரும் முன்னால் வரவில்லை.

வரிசையின் அந்தக் கோடியிலிருந்து இலைகள் மடியத் தொடங்கின. ஒன்று. அடுத்தது. அடுத்தது. கை படாமல், மெதுவாக, உண்டு எழுகிறவர்கள் மடிப்பது போல. பெரிய குவியல் இருந்த இலை மடிந்தது. ஜெஸி தன் சின்ன இலையைத் தானே மடித்தாள். ரெத்தினபாயின் கை மடித்தது. கடைசி இலை மடிந்தது.

பிறகு அந்த இரண்டு பேரும் அசையவில்லை.

புஷ்பபாய் ஊர்ந்து போய்ப் பிள்ளையின் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். கன்னம் மண்ணைப் போல் குளிர்ந்திருந்தது. வாய் திறந்தது. அதிலிருந்து அரிசி கொட்டியது. வேகாத அரிசி, ஈரமான சிவப்பரிசி, பிடி பிடியாக, அவள் மடியில் நிறைந்து, நிறைந்து, நின்றபாடில்லை.

அவள் அந்த வரிசை நெடுக முழங்காலால் நகர்ந்தாள். தனக்கு ஒரு வாய் மிச்சமிருக்கிறதா என்று ஒவ்வோர் இலையாகப் பிரித்துப் பார்த்தாள். ஒரு பருக்கை இல்லை. எல்லாம் வழித்திருந்தது. சுவருக்கு அப்பால் யாரோ பெண், தாழ்ந்த குரலில், தன் வீட்டுப் பிள்ளைகளின் பேரை ஒவ்வொன்றாகச் சொல்லி எண்ணிக்கொண்டிருந்தாள்.